இரவல் சிறுநீரகமும் உடலின் சம்மதமும்

புதுச்சேரி நகருக்குத் தென்மேற்கே, பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைக்கோடுகள் எந்தத் தர்க்கத்துக்கும் கட்டுப்படாமல் சிதறவிட்டுப்போன துண்டு நிலங்களுள் ஒன்றாய்த் தமிழ்நாட்டு வயல்களுக்கு நடுவே கிடக்கும் நெட்டப்பாக்கம் கொம்யூனை, 1954ஆம் ஆண்டில் எதுவார் குபேரும் அவரைச் சார்ந்தவர்களும் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துத் தற்காலிக அரசாங்கம் அமைத்த இடம் என்று சரித்திரப் பிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது; ஏறத்தாழ ஏழு வாரங்கள் கழித்து, டிசம்பர் 23ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்ற ரண சிகிச்சை நிபுணர், ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைச் சகோதரர்களில் ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தி, உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்து முடித்தார். இவ்விரு சம்பவங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லைதான். ஆயினும் அன்று நெட்டப்பாக்கத்தில் கொடி ஏற்றியவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலருக்கு இன்று அந்தப் பாஸ்டன் சங்கதி தங்கள் வீட்டு விஷயமாகவே ஆகிவிட்டிருக்கிறது.

நெல்லும் கரும்பும் விளையும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில், சர்க்கரை வியாதியாலும் இரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகம் கெட்டவர்கள் எங்கும் உள்ளதுபோல் இருக்கிறார்கள். அவர்களோடு, இவ்விரண்டு வியாதிகளும் இல்லாமலேயே, வெயிலில் வயல்வேலை செய்து வந்த உழைப்பாளிகளுக்குச் சிறுநீரகத்தின் திசு மெல்ல மெல்ல வடுப்பட்டுச் சுருங்கிப்போகும் ஒரு நோயும் இந்தப் பிரதேசத்தில் காணப்படுகிறது என்று, புதுச்சேரியையும் அடுத்துள்ள தமிழக மாவட்டங்களையும் சேர்ந்த நோயாளிகளை ஆராய்ந்து ஜிப்மர் மருத்துவர்கள் 2020ஆம் ஆண்டில் எழுதினார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் முன்பே அறியப்பட்டிருந்த நோயின் உறவுக்காரன் இது. இவ்வாறு சிறுநீரகம் முற்றும் செயலிழந்தவர்களுக்கு வழி இரண்டே: வாரந்தோறும் டயாலிசிஸ், அல்லது பிறர் தந்த சிறுநீரகம். இந்தியாவில் இரண்டாம் வழியை முதன்முதலாக வெற்றியோடு திறந்தது 1971ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி; 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியைப் பூர்வாசிரமமாகக் கொண்ட கோரிமேட்டு ஜிப்மரிலும் 2012 முதல் சிறுநீரக மாற்று நடந்து வருகிறது.

ஆனால் பொருத்தியவுடன் காரியம் முடிந்துவிடுவதில்லை. மரே வெற்றி பெற்றதற்குக் காரணம், அவருடைய கைத்திறமையோடு, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வித்தின் இரு கிளைகளாயிருந்ததுதான். மற்றெல்லோருக்கும், தாய் தந்த சிறுநீரகமாயினும், அது உடலுக்கு அந்நியமே. ஆகவே டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசலோன் என்ற மூன்று மருந்துகளைப் பெரும்பாலோர் காலமுள்ளவரை விழுங்கவேண்டியிருக்கிறது. அவை நோயெதிர்ப்புச் சக்தியை ஒட்டுமொத்தமாக அடக்குவதால் புதிய உறுப்பு பிழைக்கிறது, அதே காரணத்தால் தொற்றுநோய்களும் சில புற்றுகளும் உள்ளே புகுகின்றன. போதாக்குறைக்கு, சிறுநீரகத்தைக் காப்பாற்ற உண்ணும் டாக்ரோலிமஸே நாளடைவில் சிறுநீரகத்துக்கு ஊறு செய்வதும், சர்க்கரை வியாதியைப் புதிதாகக் கொண்டுவருவதும் உண்டு. மருந்தின் நிர்ப்பந்தமின்றி, தானே மனமொப்பி, அந்நிய உறுப்பை உடல் வைத்துக்கொள்ளுமா என்பதே உறுப்பு மாற்றுச் சாஸ்திரத்தின் ஆதிக் கேள்வி. உடலே இதற்கென்று ஒரு தனி ஜாதிச் செல்களை வைத்திருக்கிறது என்பது தெரியவந்து, அதைக் கண்டறிந்தவர்களுக்கு 2025ஆம் ஆண்டு நோபல் பரிசும் வழங்கப்பட்டுவிட்ட நிலையில், அந்தச் செல்களைக் கொண்டு இதுவரை என்ன சாதிக்கப்பட்டிருக்கிறது, நம் போன்ற தேசத்து நோயாளிக்கு அதனால் என்ன லாபம் என்பதை நிதானமாகப் பார்ப்பது உசிதம்.

சகிப்பு என்பது சாத்தியமே என்று முதலில் காட்டியவை கன்றுக்குட்டிகள். 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன், தாயின் வயிற்றில் ஒரே இரத்த ஓட்டத்தைப் பகிர்ந்துகொண்ட இரட்டைக் கன்றுகள், தோற்றத்திலும் குலத்திலும் வேறாயிருந்தும், ஒன்றன் இரத்த அணுக்களை மற்றொன்று ஆயுள் முழுதும் பகையின்றி வைத்திருப்பதைக் கண்டார். ஆஸ்திரேலியரான மக்பார்லேன் பர்னெட் இதிலிருந்து ஒரு சித்தாந்தம் வகுத்தார்: தனது, பிறனது என்ற பாகுபாட்டை உடல் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை, கருப்பருவத்தில் கற்றுக்கொள்கிறது என்பது அதன் சாரம். லண்டனில் பீட்டர் மெடாவர், பில்லிங்ஹாம், பிரெண்ட் ஆகிய மூவரும் 1953இல் இதைப் பரீட்சை செய்து, கருவிலிருக்கும் எலிக்குஞ்சுக்கு வேறு வம்சத்து எலியின் செல்களைச் செலுத்திவிட்டால், அது வளர்ந்தபின் அந்த வம்சத்தின் தோலை ஒட்டவைத்தாலும் உதறித் தள்ளுவதில்லை என்று நிரூபித்தார்கள். 1960ஆம் ஆண்டின் நோபல் பரிசு பர்னெட்டுக்கும் மெடாவருக்கும் சென்றது.

எப்படி அந்தச் சகிப்பு விளைகிறது என்பதற்கு அக்காலத்தவர் சொன்ன விடை எளிமையானது. தன்னையே தாக்கக்கூடிய செல்கள் நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்படுகின்றன; எஞ்சியவை அந்நியத்தை மட்டும் தாக்குகின்றன; ஆதலால் சகிப்பு என்பது ஒரு வெற்றிடம், எதிரி இல்லாத நிலை. இந்த விடை பொய்யன்று, பாதி மெய். ஆனால் பாதி மெய்கள்தாம் சாஸ்திரத்தில் நீண்ட காலம் ஆட்சி செய்கின்றன. 1969ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் நிஷிஸூகா, சகாகுரா என்ற இருவர், பிறந்து மூன்றாம் நாளில் தைமஸ் எடுக்கப்பட்ட பெண் எலிகளின் சூலகங்கள் அழிந்துபோவதைக் கண்டிருந்தனர். தைமஸ் என்பது தாக்கும் செல்களை உற்பத்தி செய்யும் இடமானால், அதை நீக்கியபின் தாக்குதல் குறையவேண்டுமேயன்றி உடல் தன்னைத்தானே ஏன் தின்னவேண்டும்? அந்த மூன்றாம் நாளுக்குப் பிறகு தைமஸிலிருந்து புறப்படவிருந்த ஏதோ ஒன்று, தாக்குதலைத் தடுப்பதற்கென்றே புறப்படவிருந்தது என்பதைத் தவிர வேறு சமாதானம் கிடையாது.

இந்த இடத்தில் சாஸ்திரத்தின் சரித்திரம் ஒரு வேடிக்கையான சுற்றுவழியில் சென்றது. அதைச் சற்று நின்று பார்ப்பதில் பிழையில்லை. 1970இல் யேல் சர்வகலாசாலையின் ரிச்சர்ட் கெர்ஷன் தம் சகா கொண்டோவுடன், தைமஸிலிருந்து வரும் டி-செல்களில் சில மற்றவற்றை அடக்குகின்றன என்று அறிவித்து, அவற்றை அடக்கும் செல்கள் என்று வழங்கினார். பத்தாண்டுக் காலம் அது ஒரு பெருமோகமாகப் பரவியது. அடக்குவதற்கு ஒரு செல், அதைத் தூண்ட ஒரு செல், அந்தத் தூண்டுதலைத் தடுக்க இன்னொரு செல் என்று படங்கள் பெருகின. அவை சுரக்கும் பொருள்களை விதிக்கும் மரபணு ஐ-ஜே என்ற இடத்தில் இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டனர். 1983இல் மூலக்கூற்று முறையில் அந்த இடத்தைத் துருவிப் பார்த்தபோது, அங்கே அப்படியொரு மரபணுவுக்கு இடமே இல்லை என்று தெரிந்தது. அத்துடன் கட்டடம் முழுதும் சரிந்தது. அடக்கும் செல் என்ற சொல்லை உச்சரிப்பதே ஆராய்ச்சியாளருக்கு இழுக்கு என்ற நிலை வந்தது. மரபணு பொய்யானதால் நிகழ்ச்சியும் பொய்யாகிவிடாது என்று சொல்லக்கூடியவர் மிகச் சிலர். அச்சிலரில், உறுப்பு மாற்றுத் துறையைச் சேர்ந்த சிட்னியின் புரூஸ் ஹால் ஒருவர். மாற்று இதயத்தைச் சகித்துக்கொண்ட எலிகளிடமிருந்து அந்தச் சகிப்பைப் பிறிதோர் எலிக்குக் கொண்டுசேர்க்க வல்ல செல்கள், சி.டி.4 என்ற அடையாளத்தோடு சி.டி.25 என்ற அடையாளத்தையும் தாங்கியிருக்கின்றன என்று அவர் குழு 1990இலேயே எழுதியது. இந்த விஷயத்தின் வரலாற்றைச் சொல்லும்போது அவரைப் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள்; எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கேம்பிரிட்ஜில் ஹெர்மன் வால்ட்மனின் குழுவினர் 1993இல், சகித்துக்கொள்ளும் செல்கள் தம்மோடு பழகும் புதிய செல்களுக்கும் அக்குணத்தை ஒட்டவைத்துவிடுகின்றன என்று காட்டி, அதைத் தொற்றும் சகிப்பு என்று குறிப்பிட்டதும் இந்த வறண்ட காலத்தில்தான்.

நிஷிஸூகாவின் எலிகளை மறவாமல் பற்றிக்கொண்டிருந்தவர் ஷிமோன் சகாகுச்சி. 1995ஆம் ஆண்டில் அவர் செய்த பரீட்சை, சொல்லும்போது சுலபமாகத்தான் தோன்றும். எலியின் டி-செல்களிலிருந்து சி.டி.25 தாங்கியவற்றை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மீதியைத் தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். அந்த எலிகளுக்குத் தைராய்டிலும் இரைப்பையிலும் வேறுபல அவயவங்களிலும் தன்னையே தாக்கும் நோய்கள் தோன்றின. நீக்கியவற்றைத் திரும்பச் சேர்த்ததும் நோய் வரவில்லை. அதே கட்டுரையில், அச்செல்கள் இல்லாத எலிகள் அந்நியத் தோலை மேலும் மூர்க்கமாக நிராகரித்தன என்ற செய்தியும் இருந்தது. ஆகவே உறுப்பு மாற்றுக்கும் இவற்றுக்கும் உள்ள பந்தம் பிற்பாடு கற்பிக்கப்பட்டதன்று, முதல் நாளிலேயே இருந்தது. இன்னொரு பக்கம், தோல் செதிலுதிர்ந்து சில வாரங்களிலேயே மடிந்துபோகும் ஓர் எலி வம்சத்தின் குறையைத் தேடிய மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், எக்ஸ் குரோமோசோமில் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதுபட்டிருப்பதை 2001இல் கண்டனர். அதே மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே குடலும் கணையமும் தோலும் தம் சொந்த உடலால் தாக்கப்படும் கொடிய வியாதி வருகிறது என்பதும் புலனாயிற்று. 2003இல் இரண்டு நூல்களும் ஒன்றாக முறுக்கிக்கொண்டன: சகாகுச்சியின் செல்களை அச்செல்களாக ஆக்குவதே ஃபாக்ஸ்பி3 என்று நிலைநாட்டப்பட்டது. மூவரும் பெற்ற நோபலின் கதை இதுதான்.

ஒழுங்காற்றும் டி-செல்கள் என்று இன்று வழங்கும் இவை, இரத்தத்திலுள்ள சி.டி.4 டி-செல்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே. ஒரு பகுதி தைமஸிலேயே அவ்வாறு உருவாகிப் புறப்படுகிறது. மற்றொரு பகுதி, சாதாரண டி-செல்லாக வெளியே வந்து, குடல் முதலிய இடங்களின் சூழ்நிலையால் பிற்பாடு அக்குணத்தை அடைகிறது. இவை வேலை செய்யும் விதம் பலவகை. தாக்கும் செல்கள் பெருகுவதற்கு இன்டர்லூகின்-2 என்ற சுரப்பு வேண்டும், சி.டி.25 என்பது அதைப் பற்றும் கையே ஆதலால், கை நிறைய வைத்துக்கொண்டிருக்கும் ஒழுங்காற்றும் செல்கள் அதை முன்னதாகவே உறிஞ்சிவிடுகின்றன. அந்நியப் பொருளை எடுத்துக்காட்டி டி-செல்லை உசுப்பும் டென்ட்ரைட்டிக் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் தூண்டுகோல்களை, சி.டி.எல்.ஏ.-4 என்ற மூலக்கூற்றால் பிடுங்கி உள்ளிழுத்துவிடுகின்றன. அதன்பின் அந்த டென்ட்ரைட்டிக் செல் அந்நியத்தைக் காட்டினாலும் யாரும் கிளர்ந்தெழுவதில்லை. இன்டர்லூகின்-10 போன்ற தணிக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. சேதமடைந்த திசுவிலிருந்து கசிந்து அபாயமணி அடிக்கும் ஏ.டி.பி.யை அமைதிப்படுத்தும் அடினோசினாக மாற்றுகின்றன. ஒரு வீட்டில் சண்டை மூளாமல் பார்த்துக்கொள்ளும் மூத்த மாமியைப் போல, ஆயுதம் எதையும் எடுக்காமல், எரிகிற அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிடுவதே இவற்றின் பிரதான உத்தி. எனவே சகிப்பு வெற்றிடமன்று. நாள்தோறும் உழைத்துக் காக்கப்படும் நிலை.

மாற்று உறுப்பின் விஷயத்தில் இந்த உழைப்பு மிகக் கடினமானது. பொருத்திய சில நாட்களில், உறுப்போடு வந்த கொடையாளியின் டென்ட்ரைட்டிக் செல்களையே பெற்றவரின் டி-செல்கள் நேரில் கண்டு பெருந்திரளாக எழுகின்றன. அந்தப் படையெடுப்பின் முன் இயல்பாக உள்ள ஐந்து, பத்து சதவீதம் எம்மாத்திரம்? மாதங்கள் செல்லச் செல்ல, கொடையாளியின் புரதத் துணுக்குகளைப் பெற்றவரின் சொந்தச் செல்கள் பொறுக்கியெடுத்துக் காட்டும் மறைமுக வழியே மிஞ்சுகிறது. அந்த மெதுவான போரில்தான் ஒழுங்காற்றும் செல்கள் வெல்லக்கூடும். ஆரம்பப் படையெடுப்பை மருந்தால் தடுத்து, பின்னர் வரும் நெடும்போரைச் செல்களிடம் ஒப்படைப்பதே இத்துறையில் உள்ளோர் அனைவருடைய யோசனையும்.

இங்கே மருந்துகளே குறுக்கே நிற்கின்றன என்பதுதான் விசித்திரம். நார்வே தேசத்து மண்ணில் கிடைத்த ஒரு பூசணத்திலிருந்து வந்து, 1978இல் ராய் கால்ன் கையால் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட சைக்ளோஸ்போரினும், 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணிலிருந்து கண்டெடுக்கப்பட்ட டாக்ரோலிமஸும் உறுப்பு மாற்றை ஒரு சாதாரணச் சிகிச்சையாக்கிய மகோபகாரிகள். ஆனால் இரண்டும் இன்டர்லூகின்-2இன் உற்பத்தியையே நிறுத்துவதால், அதை நம்பி வாழும் ஒழுங்காற்றும் செல்களும் பட்டினி கிடக்க நேர்கிறது. அறுவைச் சிகிச்சையின்போதே செலுத்தப்படும் பாசிலிக்சிமாப் என்ற மருந்து, தாக்கும் செல்களை நோக்கி எய்யப்பட்டதாயினும், அது போய் அடைப்பது சி.டி.25ஐ, அதாவது காவலரின் முத்திரையையே. ராப்பாமைசின் மட்டும் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்த அந்தப் பொருளை, கம்பெனி கைவிட்ட காலத்தும் கைவிடாமல் காப்பாற்றி மருந்தாக்கியவர், பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்த சுரேந்திரநாத் சேகல். அது தாக்கும் செல்களைக் கட்டுப்படுத்தியும் ஒழுங்காற்றும் செல்களைப் பெருகவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் இச்செல்களை வளர்ப்பவர்கள் பலர் கலப்படச் செல்களை ஒழிக்க அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் காயம் ஆறத் தாமதம், வாய்ப்புண், சிறுநீரில் புரதம் போன்ற உபாதைகளால் அது முதல்வரிசை மருந்தாகவில்லை.

கல்லீரலின் சுபாவம் வேறு. பன்றிகளில் மாற்றுக் கல்லீரல் மருந்தின்றியே நிலைத்துவிடுவதைக் கால்ன் குழு 1969இலேயே கண்டது. மனிதரிலும், பல ஆண்டுகள் சுகமாயிருந்த நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, கவனத்தோடு மருந்தை நிறுத்திப் பார்த்த ஒரு ஐரோப்பிய ஆய்வில், 2013இல் வெளியான கணக்கின்படி, 102 பேரில் 41 பேர் மருந்தில்லாமல் நீடித்தனர். ஆகவே செல்களைச் செலுத்தி முழு விடுதலை தேடிய முதல் பெரிய வெற்றியும் கல்லீரலிலேயே கிட்டியது வியப்பன்று. ஜப்பானின் ஹொக்கைடோவில், உயிருள்ள உறவினர் தந்த கல்லீரலைப் பெற்ற பத்துப் பேருக்கு, அவர்தம் செல்களைக் கொடையாளியின் செல்களோடு சேர்த்து, உசுப்பும் சமிக்ஞையைத் தடுத்து வளர்த்துத் திரும்பச் செலுத்தினர். 2016இல் வெளியிட்டபோது எழுவர் எல்லா மருந்துகளையும் விட்டிருந்தனர். மற்ற மூவரும் தன்னெதிர்ப்பு நோயால் கல்லீரலை இழந்தவர்கள். அவர்களுக்கு நிராகரிப்பு தலைகாட்டியது. ஒழுங்காற்றும் செல்களைக் குறைந்த அளவு இன்டர்லூகின்-2 ஊசியாலேயே பெருக்கிவிடலாம் என்று கல்லீரல் நோயாளிகளில் பின்னர் முயன்றபோதோ, செல்கள் பெருகின, சகிப்பு வரவில்லை; நிராகரிப்பே வந்தது. எண்ணிக்கை மட்டும் போதாது, எதைக் குறிவைக்கின்றன என்பதும் முக்கியம் என்று அந்தத் தோல்வி கற்பித்தது.

சிறுநீரகத்தில் இத்தகைய சகிப்புக்கு இந்தியாவிலேயே ஒரு பெருமுயற்சி நடந்தது. அகமதாபாத்தின் சிறுநீரக நோய் நிலையத்தை ஏறத்தாழத் தனிமனித வைராக்கியத்தால் எழுப்பிய எச்.எல். திரிவேதி, கனடாவின் வசதியான வாழ்வை விட்டுத் தாய்நாடு திரும்பியவர். வாழ்நாள் முழுதும் மருந்து வாங்க வகையற்ற ஏழைகளைத் தினந்தோறும் பார்த்ததனால், கொடையாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை முன்கூட்டியே ஏராளமாகச் செலுத்தி உடலைப் பழக்கிவிடலாம் என்ற வழியில், தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து அருணா வாணிகர் முதலிய சகாக்களோடு இடைவிடாமல் உழைத்தார். பின்னாளில் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த மூலச் செல்களையும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒழுங்காற்றும் டி-செல்களையும் அதனோடு சேர்த்தார்கள். மருந்தின் அளவு குறைந்தது என்று அவர்கள் தொடர்ந்து எழுதினர். முழுவதும் நிறுத்தியபோது நிலைத்த சகிப்பு எல்லோருக்கும் கைகூடவில்லை. ஒரே நிலையத்தின் அனுபவமாகவே நின்று, வேறிடங்களில் அது வேரூன்றாமல் போனதும் உண்மை. 2019ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று அவர் காலமானார். அவருடைய முறைகளைப் பற்றி எத்தனை ஆட்சேபணை எழுப்பினாலும், சகிப்பு என்பதை விஞ்ஞான விநோதமாகப் பார்க்காமல் ஏழையின் மருந்துச் செலவாகப் பார்த்த அவர் கண் சரியான கண் என்பதே என் அபிப்பிராயம்.

மேல்நாட்டில் நடந்த முயற்சிகளில் மிகவும் ஒழுங்கானது ஒன் ஸ்டடி என்ற கூட்டுப் பரிசோதனை. உயிருள்ளோர் தந்த சிறுநீரகத்தைப் பெற்றவர்களில் 66 பேருக்கு வழக்கமான சிகிச்சையும், 38 பேருக்கு பாசிலிக்சிமாபை விலக்கிவிட்டு ஆறு வகை ஒழுங்காற்றும் செல்களில் ஏதேனும் ஒன்றும் அளிக்கப்பட்டன. அவ்வாறில் டி-செல்களோடு டென்ட்ரைட்டிக் செல்களும் மேக்ரோபேஜ்களும் அடங்கும். 2020இல் லான்செட் சஞ்சிகையில் வந்த முடிவின்படி, நிராகரிப்பு முதற்கூட்டத்தில் நூற்றுக்கு 12, இரண்டாவதில் 16. பெரிய வேறுபாடு என்று சொல்வதற்கில்லை. செல் பெற்றோரில் 15 பேர் மைக்கோபினோலேட்டை விட்டு டாக்ரோலிமஸ் ஒன்றிலேயே நின்றனர். அந்தக் கூட்டுமுயற்சியின் பெர்லின் பிரிவு, நோயாளியிடமிருந்து 40, 50 மில்லி லிட்டர் இரத்தமே எடுத்துச் செல்களை வளர்த்து, 11 பேருக்குச் செலுத்தியது. மூன்றாண்டுக்குப் பின் எண்மர் ஒற்றை மருந்தில் இருந்தனர். செல்கள் தீங்கு செய்யவில்லை என்பதும், மூன்று மருந்து ஒன்றாகக் குறைவதும் இங்கே நிச்சயம். அந்த ஒன்றும் பூஜ்யமாவது இங்கே நிச்சயமில்லை. கொடையாளியின் அடையாளத்தையே நேராகப் பற்றும் செயற்கை ஏற்பியைச் செல்லில் பொருத்தும் கார்-டி-ரெக் முறை 2022 முதல் மனிதரிடம் பரீட்சிக்கப்பட்டு வருகிறது. ஆவல் மிகுதி, தீர்ப்புக்குக் காலம் இன்னும் வரவில்லை. மருந்தில்லாமல் வாழ நேர்ந்த சிறுநீரகப் பயனாளிகளின் இரத்தத்தில் பி-செல்களின் தனி முத்திரை காணப்படுவதாக 2010இல் இரு குழுக்கள் அறிவித்திருப்பதால், டி-செல்லே சகலமும் என்று சாதிப்பதும் விவேகமன்று.

ஒன் ஸ்டடி பரிசோதனையில் ஒரு முடிவை அவர்கள் இரண்டாமிடத்தில் வைத்தார்கள். செல் பெற்றவர்களுக்குத் தொற்றுநோய்கள் குறைவாயிருந்தன என்பது அது. லண்டனிலும் பெர்லினிலும் இரண்டாமிடத்தில் இருப்பது நெட்டப்பாக்கத்தில் முதலிடத்துக்கு உரியது என்றே நான் வாதிடுவேன். வேலூரில் 1986 முதல் 1999 வரை சிறுநீரகம் பெற்ற 1251 பேரைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள், 166 பேருக்கு, அதாவது நூற்றுக்குப் பதின்மூவருக்கு மேல், மாற்றுக்குப் பின் காசநோய் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். அதைத் தீர்க்கும் ரிஃபாம்பிசின் உடலிலிருந்து டாக்ரோலிமஸை வேகமாக வெளியேற்றிவிடுவதால், நோயைத் தீர்க்கப்போய்ச் சிறுநீரகத்தை இழக்கும் அபாயமும் கூடவே வருகிறது. சேற்றில் வெறுங்காலோடு நிற்பவனுக்கு எலிக்காய்ச்சல் முதலியவையும் அண்டையிலேயே இருக்கின்றன. மேனாட்டுக்காரருக்கு மருந்தில்லா வாழ்வு என்பது லட்சியம். நமக்கோ மூன்று மருந்து ஒன்றாகி, ஒரு காசநோய் வராமல் நின்றால் அதுவே சித்தி. வெற்றியை எதனால் அளப்பது என்பதை ஒவ்வொரு தேசமும் தன் வியாதிகளைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

ஆனால் அதே வியாதிகள் எதிர்ப்பக்கத்திலும் சாட்சி சொல்லக்கூடும். நோயணுவற்ற கூண்டில் வளர்ந்த ஆய்வுக்கூட எலி எளிதாகச் சகிக்கிறது. பலவகை வைரஸ்களைச் சந்தித்த எலிகளிடம் சகிப்பை உண்டாக்குவது அரிது என்று அட்லாண்டாவில் 2003ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள். காரணம், பழைய நோயை நினைவில் வைத்திருக்கும் டி-செல்களில் சில, தற்செயலான உருவ ஒற்றுமையால் அந்நிய உறுப்பையும் பழைய பகைவன் என்றே கருதிப் பாய்கின்றன. இத்தகைய நினைவுச் செல்களை அடக்குவது ஒழுங்காற்றும் செல்களுக்கும் கடினம். பிறந்த நாள் முதல் தொற்றுகளோடு பழகி, காசநோய்த் தடுப்பூசியும் பெற்று, டயாலிசிஸ் காலத்தில் இரத்தமும் ஏற்றிக்கொண்ட நம்மூர்க்காரருடைய எதிர்ப்புச் சக்தி, நீண்ட ஞாபகமுள்ள சக்தி. பெர்லினில் எண்மருக்குப் பலித்தது இங்கே எத்தனை பேருக்குப் பலிக்கும் என்பதை இங்கே செய்துபார்த்தாலன்றி, அங்கிருந்து கணக்கிட்டுச் சொல்ல முடியாது. அழற்சி மிகுந்த இடத்தில் ஒழுங்காற்றும் செல்களே ஃபாக்ஸ்பி3ஐ இழந்து தாக்குவனவாக மாறக்கூடும் என்ற கவலையும், புற்றுக்கட்டிகளுக்கு இவை கேடயமாகிவிடும் என்ற கவலையும் தனியே இருக்கின்றன.

நம் பக்கத்துக்கு அனுகூலமான ஒரு விஷயமும் உண்டு. இங்கே சிறுநீரகம் பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளிருந்தே வருகிறது. தாயோ, உடன்பிறந்தாரோ, மனைவியோ கொடுக்கிறார்கள். 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவடைந்த மகனின் உறுப்புகளைத் தானம் செய்ததிலிருந்து தமிழ்நாட்டில் அப்பாதையும் பெரிதாகத் திறந்தது. எனினும் செல் சிகிச்சைக்கு முன்கூட்டி நாள் குறிக்கவேண்டும், செல் வளர வாரங்கள் வேண்டும் ஆகையால், உயிருள்ள கொடையாளியே இதற்கு ஏற்றவர். அதிலும் தாய்வழி உறவுக்கு உடலில் ஒரு பூர்வ வாசனை இருக்கிறது. கருவிலிருக்கும்போது தாயின் செல்கள் சிசுவின் நிணநீர் முடிச்சுகளுக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றுக்கு எதிராகக் கிளம்பவிடாமல் தடுக்கும் ஒழுங்காற்றும் செல்களை அந்தச் சிசு அப்போதே உண்டாக்கிக்கொள்கிறது, அவை வளர்ந்த பருவம் வரை நீடிப்பதும் உண்டு என்று சான் பிரான்சிஸ்கோவில் 2008ஆம் ஆண்டு காட்டினார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே பர்லிங்ஹாம் என்பவரின் குழு, உடன்பிறந்தார் தந்த சிறுநீரகத்தில், பெற்றவருக்கு வாராதுபோன தாயின் அடையாளம் இருந்தால், தந்தையின் அடையாளம் இருப்பதைவிட அது நெடுநாள் நிலைக்கிறது என்று கணக்கெடுத்துச் சொல்லியிருந்தது. அண்ணன் தம்பிகளில் யார் கொடுப்பது என்று குடும்பம் கூடிப் பேசும்போது இது கேட்கப்படுவதில்லை, கேட்கலாம்.

இத்தனையும் இருந்தும், ஒருவர் சகிப்பை அடைந்துவிட்டாரா என்று சொல்ல நம்பத்தக்க இரத்தப் பரிசோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. மருந்தை நிறுத்திப் பார்ப்பதொன்றே பரீட்சை, அதில் தோற்றால் பணயம் சிறுநீரகம். தாயார் கொடுத்ததைப் பணயம் வைக்க எந்த மகனும் இசையான். இசைய வேண்டும் என்று எந்த மருத்துவரும் கேட்கவும் கூடாது. ஆதலால் இங்கே முதலில் செய்யத்தக்கது மருந்தை ஒழிக்கும் பரிசோதனையன்று, குறைக்கும் பரிசோதனை. நோயாளியிடமிருந்து எடுக்கவேண்டிய இரத்தம் கொஞ்சமே. செலவெல்லாம் தூய அறைக்கும், செல்லைப் பிரிக்கும் காந்தக் கருவிக்கும், பயிற்சி பெற்ற கைகளுக்கும்தான். பொது மருத்துவமனைகள் சில கூடி ஓர் ஆய்வுக்கூடத்தைப் பகிர்ந்துகொண்டால் அது அகமதாபாத்தில் ஒருவர் தனியாகச் சுமந்த பாரத்தைவிடக் கனமாயிராது. அப்படி ஒரு பரிசோதனை ஆரம்பமாகுமானால், அதன் ஏட்டில் நிராகரிப்புக்கான பத்தியை வரைவதற்கு முன்னதாகக் காசநோய்க்கு ஒரு பத்தி வரையப்படவேண்டும். ஐந்தாண்டு முடிவில் முதலாவது கூட்டவேண்டிய தொகையும் அதுவே.